இராணியை யாரும் கேட்கவில்லை

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரம் எதற்கு?" என்று கல்வி அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை; உண்மையான கரிசனையோடுதான் கேட்டார். ஆங்கிலமும் கணினியும் கற்றுக்கொடுத்தால் பிள்ளை கொழும்புக்குப் போய் ஒரு வேலையில் அமரும், கோவலன் கதையை மனனம் செய்த பிள்ளை எங்கே போகும் என்பது அவருடைய வாதம். கனடாவில் வாழும் மலையக அன்பர் ஒருவரும் இதையே வேறு சொற்களில் எனக்கு எழுதியிருந்தார். எங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் வேண்டும், காவியம் பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கருத்து பிழையானது மாத்திரமன்றி ஆபத்தானதும் என்பது என் துணிபு. ஆனால் இதற்கு மறுமொழி சொல்லக் கிளம்புகிற தமிழன்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. காவியத்தைக் கைவிடச் சொல்கிறவர்களும் அதைக் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்தே இந்தப் பிள்ளைகளை வஞ்சிக்கிறார்கள். இரு சாராரோடும் சண்டை பிடிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திம்புள்ள என்ற பெயரை உங்களில் பலர் தேயிலைப் பொட்டலத்தின் மேல் பார்த்திருப்பீர்கள். தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, அக்கரப்பத்தனை என்று விரிந்து கிடக்கும் மலைப்பகுதி அது. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை வீசும் வறண்ட குளிர்காற்றில் அங்கே விளைகிற கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அந்தத் தேநீரின் நிறத்தையும் வாசத்தையும் விவரிக்க ஏலத் தரகர்களிடம் ஒரு தனி அகராதியே இருக்கிறது. அதைப் பறித்தவளின் பிள்ளை என்ன வாசிக்கிறது, எப்படி எழுதுகிறது என்று விவரிக்க நம்மிடம் இருப்பவை தேர்ச்சி வீதங்கள் மாத்திரமே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்க. தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி வெள்ளையர் ஆட்சி முதன்முதலில் சட்டம் எழுதியது 1907ஆம் ஆண்டில். அதன்பின் ஏற்பட்ட பள்ளிகள் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்புவரை என்ற அளவில் நின்றன. திறப்பதும் மூடுவதும் துரையின் கையில். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது தோட்டப் பாடசாலைகள் அந்தப் பந்தியில் உட்காரவைக்கப்படவில்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். ஆக, மற்றப் பிள்ளைகளைவிட ஒரு முழுத் தலைமுறைக் காலம் பிந்தித்தான் இந்தப் பிள்ளைகள் நாட்டின் கல்விக்குள் நுழைந்தார்கள். அப்படி நுழைந்தவர்களின் கையில் நாம் கொடுத்தது என்ன? குறிப்புப் புத்தகம்.

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்ட 2023ஆம் ஆண்டில், மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். தலைப்பு, பெற்றோரின் உழைப்பைப் பற்றியது. வந்த கட்டுரைகளில் பாதிக்குமேல் ஒரே தொடக்கம். தேயிலைச் செடிக்கு உரமாகிப்போன மூதாதையர், உதிரத்தைத் தேநீராக்கிய தாய், மெழுகுவர்த்தியாய் உருகும் தந்தை. ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தத் தாயைப் பற்றி எழுதுகிறது. ஆனால் எந்தத் தாய்க்கும் முகமில்லை. அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்த மலையில் நிற்கிறாள், கொழுந்து நிறுக்கும்போது அவள் என்ன சொல்வாள், கங்காணி என்ன சொல்வான், ஒன்றும் இல்லை. எழுத்து அழகாக இருந்தது, பிழை குறைவாக இருந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கண்ணீரை இந்தப் பிள்ளைகள் தங்கள் கண்ணீராக நம்பிப் படியெடுத்திருந்தார்கள். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதைவிடத் துயரமான வாசிப்பு அந்த ஆண்டில் வேறு வாய்க்கவில்லை.

இந்த நோய்க்கு மூலம் எது? இலக்கிய வகுப்பறைதான் என்பேன். அங்கே செய்யுள் கரும்பலகையில் எழுதப்படும். பதவுரை சொல்லப்படும். பிறகு 'நயம்' வரும்: உவமை நயம், ஓசை நயம், சொல் நயம், பொருள் நயம். நயத்தையும் ஆசிரியரே சொல்லிவிடுவார், பிள்ளை எழுதிக்கொள்ளும். ஒரு பாட்டு தனக்குப் பிடித்ததா என்பதையே இன்னொருவரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்கிற கொடுமை வேறு எந்தப் பாடத்திலாவது உண்டா? ரியூசன் வகுப்பில் அது இன்னும் இறுகும். கடந்தகால வினாத்தாளும் 'மாதிரி விடை'யும் கைக்கு வந்துவிடும். அறிவுடைமை அதிகாரத்தில் 423ஆம் குறள் இருக்கிறது. யார் வாயிலிருந்து கேட்டாலும் சொன்னவரைப் பார்க்காமல் சொல்லப்பட்டதன் மெய்யைப் பார் என்பது அதன் கருத்து. அந்தக் குறளையும் நம் பிள்ளைகள் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டபடியே ஒப்பிக்கிறார்கள். வள்ளுவருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை நம்முடைய எதிரிகள்கூடச் செய்ததில்லை.

இப்படிக் கற்பிக்கப்படும் காவியத்தைக் கைவிடலாம் என்றுதான் அந்தக் கல்வி அதிகாரி சொல்கிறார் என்றால், ஒரு நிமிடம் அவரோடு உடன்படவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் அவர் நூலைப் பார்க்கவில்லை, குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நூலைத் தண்டிக்கிறார்.

திம்புள்ளப் பகுதிப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் வகுப்பில் இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்தேன். தன் பெயரையோ பாடசாலையின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாடத்திட்டத்தை முடிக்காமல் நேரம் கடத்துகிறார் என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறதாம். தரம் பத்து வகுப்பு. முப்பதுக்குச் சற்று அதிகமான பிள்ளைகள். அவர் எடுத்துக்கொண்டது மதுரைக் காண்டத்தில் கோவலன் கொலையுண்ட பகுதியும் கண்ணகி வழக்குரைத்த பகுதியும்.

செய்யுளைச் சந்தி பிரித்து ஒருமுறை உரக்க வாசித்தார். கதையை உரைநடையில் சொன்னார். பிறகு கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: "கோவலன் சாகாமல் இருந்திருக்க, யார் யார் எந்தெந்த இடத்தில் என்ன கேட்டிருக்க வேண்டும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். முதலில் எல்லோரும் அரசன் மேலேயே குற்றம் சொன்னார்கள். அது எளிது. அரசன் தேராதவன் என்று இளங்கோவே சொல்லிவிட்டார். பிறகு ஒரு பையன் காவலரைப் பிடித்தான். கொலைக்களத்தில் நிகழ்ந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காவலர்களில் ஒருவன் கோவலனைப் பார்த்தவுடன் இவன் தோற்றம் கள்வன் தோற்றமில்லை என்கிறான். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையாகும் எட்டையும் சாத்திரம் ஓதுவதுபோல் அடுக்குகிறான். அவன் சொன்ன எதுவும் கோவலனைப் பற்றியதன்று. கள்வர் என்ற இனத்தைப் பற்றியது. அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், முன்பொரு மழைக்கால இரவில் தான் சந்தித்த வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்கும் கோவலனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதற்குள் கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒரு சந்தேகம், ஒரு நிபுணர், ஒரு வதந்தி, ஒரு வாள். மனிதக் கூட்டம் ஒன்று அப்பாவி ஒருவனைக் கொல்வதற்கு எத்தனை படிகள் வேண்டும் என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய பக்கங்கள் உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை. அந்தப் பையன் சொன்னது இதுதான்: "மொதல்ல பேசின ஆளு சரியாத்தான் சொன்னாரு டீச்சர். ஆனா பொற்கொல்லன் நெறையத் தெரிஞ்ச மாதிரிப் பேசினதும் வாய மூடிக்கிட்டாரு."

நெறையத் தெரிஞ்ச மாதிரிப் பேசினதும்! கைத்தொலைபேசியில் வந்து விழும் ஒவ்வொரு போலிச் செய்திக்கும் இதே இலக்கணம்தான். ஊடக எழுத்தறிவு என்று பெயரிட்டு, நட்சத்திர விடுதிகளில் பட்டறை நடத்தி, வழவழப்பான கையேடு அச்சிட்டுச் சொல்லிக்கொடுப்பதை அந்தப் பையன் மதுரைக் கடைத்தெருவில் நின்று கண்டுபிடித்துவிட்டான்.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி அதுவரை பேசவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ராணிகிட்ட ஒருத்தரும் கேக்கலையே டீச்சர். அது அவங்க சிலம்புதானே? ஒருக்கா காட்டியிருந்தா இது என்னுது இல்லேன்னு சொல்லியிருப்பாங்க."

நான் இந்தக் காப்பியத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. பட்டிமன்றங்களில் கண்ணகி கட்சியும் மாதவி கட்சியும் மணிக்கணக்கில் பேசக் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை எந்த மேடையிலும் கேட்டதில்லை. திருட்டுப்போன பொருளின் உரிமையாளரிடம் பொருளைக் காட்டி அடையாளம் கேட்பது எந்தப் பொலிஸ் நிலையத்திலும் முதல் வேலை. நூலுக்குள் விடையும் இருக்கிறது. ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அரசன் மனம் ஈடுபட்டான் என்று கோப்பெருந்தேவி ஊடி, தலைநோவு என்று சொல்லி அவையிலிருந்து போய்விடுகிறாள். அரசன் அவள் ஊடலைத் தீர்க்க அந்தப்புரத்துக்கு விரைகிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்று ஒரே மூச்சில் கட்டளை பிறக்கிறது. மனைவிக்குப் பரிசோடு போகிற அவசரத்தில் இருப்பவன், அந்த மனைவியையே சாட்சியாக அழைக்க நினைக்கவில்லை. வினை விளையும் காலம் வந்துவிட்டது என்கிறார் இளங்கோ. வினையா, அவசரமா என்று அன்று வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. மணி அடித்தும் முடியவில்லை.

மறுநாள் வழக்குரை காதை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி முதலில் சொல்கிறாள். எங்களுடையது முத்து என்று அரசன் பிறகு சொல்கிறான். இருவரும் தத்தம் கூற்றைச் சொல்லி முடித்த பின்னரே சிலம்பு உடைகிறது. எது தெறித்தால் யார் சொல் பொய் என்பது உடைப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. விஞ்ஞான ஆசிரியர்கள் பரிசோதனை என்று சொல்வதும் இதைத்தானே? அரசனையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று தன் தரப்பை ஒழுங்காகச் சொல்கிறான், சான்று தனக்கு எதிராக வந்ததும் மறுக்காமல் ஏற்கிறான். நம்முடைய அரசியல்வாதிகளில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் வருவார்கள்?

அப்போது ஆசிரியை ஒன்று கேட்டார். "கண்ணகியின் கையில் இணைச் சிலம்பு இருந்தது. அது இல்லாதவள் என்ன செய்வாள்?"

வகுப்பு அமைதியாக இருந்தது. மலையகத்தில் அந்தக் கேள்வியின் கனம் வேறு. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, நீ இந்த மண்ணுக்குரியவன் என்பதை நீயே நிரூபி என்றுதான் சட்டம் சொன்னது. தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, தாள் எங்கே? லயத்தில் பிறந்தவனுக்கு ஏது தாள்? இணைச் சிலம்பு இல்லாத மக்கள் அவர்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் தலவாக்கலைத் தொகுதி சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. வாக்களித்து ஆளை அனுப்பியவர்கள், இரண்டே ஆண்டுகளில் வாக்குச்சீட்டில்லாதவர்கள் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கிட்டார்கள். எஞ்சியவர்களின் கணக்கைத் தீர்க்க 2003வரை சட்டங்கள் வேண்டியிருந்தன. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி சட்டக் கல்லூரிக்குரிய நுணுக்கம் என்று யாராவது சொன்னால், அவர் இந்தப் பிள்ளைகளின் பாட்டியோடு ஒருநாள் பேசிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. இன்றைய தகராறு நாட்கூலி. 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று அறிவிப்புகள் வருகின்றன. அந்தத் தொகை கைக்கு வருவது எத்தனை கிலோ பறித்தாய் என்பதைப் பொறுத்தது. குறைந்தால் அரைப் பேர். தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று தராசடியிலேயே கழிவு. உன் கூடையில் இருந்தது எவ்வளவு என்று நீ சொல்கிறாய், எவ்வளவு என்று அவர்கள் சொல்கிறார்கள், உடைத்துப் பார்ப்பது யார்? முதல் நாள் இராணியைப் பற்றிக் கேட்ட அதே மாணவி அன்று எழுதிய கட்டுரையில், தன் தாய் தினமும் கொழுந்து நிறுத்த எடையைச் சிறு கொப்பி ஒன்றில் குறித்துக்கொள்வதையும், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு அதை ஒப்பிடும்போது வீட்டில் நடக்கும் பேச்சையும் எழுதியிருந்தாள். உதிரம் இல்லை, உரம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. கொப்பியின் அட்டை நீல நிறம் என்று எழுதியிருந்தாள். அந்த நீல நிறத்துக்காகவே நான் நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

இனி என் தொழில் சார்ந்து ஒரு சொல். பத்திரிகையில் பயிற்சிக்கு வரும் இளம் நிருபர்களிடம் கொலைக்களக் காதையைக் கொடுத்து, நாளைய பதிப்புக்குச் செய்தியாக எழுதித்தா என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலானோர் கள்வன் வெட்டிக்கொலை என்று தலைப்பிடுவார்கள். அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் பிடிபட்டான் என்று அரசாங்கக் கூற்றிலிருந்து முதல் வரியைத் தொடங்குவார்கள். மிகச் சிலரே, திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட வெளியூர் வணிகர் என்று எழுதுவார்கள். கொல்லப்பட்டவரின் தரப்பைப் பெற முடியவில்லை என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்தச் சிலர்தான் பின்னாளில் நம்பத்தக்க நிருபர்களானார்கள். பொலிஸ் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்துச் செய்தியாக்கும் பழக்கத்தை உடைக்க எனக்கு இளங்கோவைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்கவில்லை.

தொழில் முதலில், இலக்கியம் பிறகு என்ற வாதம் புதியதன்று. அமெரிக்காவில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு எது கற்பிப்பது என்று நூற்றாண்டுக்கு முன்பே பெரிய சண்டை நடந்தது. கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவை காலப்போக்கில் வரும் என்றார் புக்கர் டி. வாஷிங்டன், 1895இல் அட்லாண்டாவில் அவர் ஆற்றிய உரையை வெள்ளை முதலாளிகள் எழுந்து நின்று வரவேற்றார்கள். 1903இல் வெளிவந்த தமது நூலில் டு போய்ஸ் அதை எதிர்த்தார். ஒரு மக்கள் கூட்டத்துக்கு உயர்கல்வியை மறுத்துக் கைவேலையை மட்டும் கற்பித்தால், அவர்களை யார் வேலைக்கு வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது வசதி என்பது அவர் கட்சியின் சாரம். பருத்தித் தோட்டத்துக்குப் பொருந்திய அந்த வாதம் தேயிலைத் தோட்டத்துக்குப் பொருந்தாதா? 1995இல் நியூயோர்க்கில் ஏர்ல் ஷோரிஸ் என்ற எழுத்தாளர் ஏழைகளுக்கென்றே தத்துவமும் கவிதையும் தர்க்கமும் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கியபோதும், சோறில்லாதவனுக்கு பிளேட்டோ எதற்கு என்றுதான் கேட்டார்கள். கொழும்பில் ஆங்கில இலக்கியம் படிக்கிற வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வழக்கை வாசிக்கும்போது மட்டும் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கிலம் வேண்டாம், கணினி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். இரண்டும் வேண்டும். ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்து, எதிரே இருப்பவன் நீட்டும் ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளையால் யாருக்கு இலாபம் என்று மட்டும் கேட்கிறேன்.

முற்போக்கு நண்பர்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் வரும், அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். காவியங்கள் அரசரையும் சாதியையும் கற்பையும் பாடுகின்றன. தோட்டப் பிள்ளைக்கு சி.வி.யும் என்.எஸ்.எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் போதும் என்பார்கள். அவர்களைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. அதை ஒருமுறையேனும் கையில் தொட்டுப் பார்த்த மாணவர் திம்புள்ளயில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் காவியத்தை ஒதுக்குவதால் சாதியும் அரசும் ஒழியா. அவற்றோடு வாதாட ஓர் இடம் இல்லாமற் போகும், அவ்வளவே.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். பாண்டிய நாட்டில் மழை பொய்த்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான், மழை பெய்தது, நாடு செழித்தது என்று அங்கே அமைதியாகச் சொல்லப்படுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தில் ஆயிரம் பேர், எவனும் விசாரிக்கப்படவில்லை. விசாரணையின்றிக் கொன்றதைக் கண்டிக்கப் பிறந்த காப்பியம், விசாரணையில்லாத ஆயிரம் கொலையை நற்செயல்போல் ஏற்றுக்கொள்கிறது. வகுப்பறையில் இந்தப் பகுதியை யாரும் தொடுவதில்லை. தமிழுக்கு இழுக்கு வந்துவிடுமாம். 1977இலும் 1983இலும் எங்கோ யாரோ செய்ததற்காக அடிவாங்கி, வீடு எரிந்து, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்த ஆயிரம் பொற்கொல்லர் யாரென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. இளங்கோவோடு சண்டை பிடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை மறுக்கிறவர், காவியத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதைச் சாகடிக்கிறார்.

வாதாடுவது இந்த மக்களுக்கு அந்நியமானதுமன்று. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி மறிக்கிறாள். போகாதே என்று அவள் காரணம் காட்டுவதும் போயே தீருவேன் என்று அவன் மறுப்பதும் இரவில் நெடுநேரம் நடக்கும். தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகைக்காக எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு அணியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதே வழக்கு. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள்தான் நம் மலைகளில் கோப்பிக்குக் காடு வெட்டினார்கள். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் ரதியின் வாதத்தைக் கேட்ட பிள்ளை, மறுநாள் காலை பாடசாலைக்கு வந்து 'நயம்' எழுதிக்கொள்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு பாலம் போட நமக்கு ஏன் தோன்றவில்லை?

செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒன்றுமில்லை. சிலப்பதிகாரத்தின் மூலம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஈழத்து நூல்களும் மலையக நூல்களும் நூலகம் தளத்தில் உள்ளன. வேண்டியது வாரத்தில் ஒரு பாடவேளை, குறிப்புக் கொடுக்காத ஒரு பாடவேளை. வினாத்தாளில் ஒரு கேள்வியாவது, முன்பு பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து, இதில் நீ உடன்படாத இடம் எது, ஏன் என்று கேட்கட்டும். விடைத்தாளைத் திருத்துகிறவர் மாதிரி விடையோடு ஒத்துப்பார்க்க முடியாமல் சிறிது திண்டாடட்டும். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடம். ஆசிரிய மாணவர்கள் அங்கே நயவுரை எழுதிப் பழகும் நேரத்தில் ஒரு பகுதியை, கேள்வி எழுதிப் பழகுவதற்கு ஒதுக்கினால் என்ன குடிமுழுகிப்போகும்?

வெளிநாட்டு அன்பர்களுக்கும் ஒன்று. ஊர்ப் பாடசாலைக்குக் கணினியும் கேடயமும் பரிசுக் கோப்பையும் அனுப்புகிறீர்கள், நல்லது. அடுத்தமுறை ஒரு வகுப்புக்கு முப்பது பிரதி உரைநூல் அனுப்புங்கள். நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கப் பெரிய பலகை வைக்க முடியாது என்பது அதிலுள்ள ஒரே குறை.

நான் பார்த்த ஆசிரியை அடுத்த தவணைக்குக் கம்பனில் வாலி வதையை எடுத்திருக்கிறார். அடிபட்டு விழுந்த வாலி இராமனை நோக்கி அடுக்கும் கேள்விகளை வகுப்பு இரு அணியாகப் பிரிந்து வாதாடப் போகிறதாம். கம்பன் எதிர்க்கட்சிக்கு எவ்வளவு தாராளமாக இடம் கொடுத்திருக்கிறான் என்பதை வாசித்தவர் அறிவர். மற்றக் கேள்விகளுக்கு இராமனே விடை சொல்கிறான். மறைந்து நின்று ஏன் அம்பெய்தாய் என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்பவன் இலக்குவன். இராமன் ஏன் பேசவில்லை என்று பிள்ளைகளைக் கேட்கப் போவதாகச் சொன்னார். உங்களுக்கு விடை தெரியுமா என்று கேட்டேன். இன்னும் தெரியாது, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்றார்.